கட்ட இடமில்லாத விளக்கு

என் மனைவியின் தம்பியை ஊரில் எல்லோரும் ஆங்கில மரியாதையோடு 'சேர்' என்றுதான் அழைக்கிறார்கள். அவருடைய அட்டையில் பிரதம நிறைவேற்று அதிகாரி என்று அச்சிட்டிருக்கிறது. எனக்கு அவர் மச்சான், அவருக்கு நானும் மச்சான். இங்கும் அப்படியே எழுதுகிறேன். யாருடைய பெயரையும் தரப்போவதில்லை, ஆண்டையும் தரப்போவதில்லை. ஏறாவூர் சின்ன ஊர். ஆண்டைச் சொன்னால் ஆளையும் சொன்னதாகிவிடும். முப்பத்தொரு வருடம் விடாமல் நாட்குறிப்பு எழுதியவனுக்கு ஆண்டை விட்டுவிட்டு எழுதுவது சட்டை போடாமல் பள்ளிவாசலுக்குப் போவது போல இருக்கிறது. கிழமையையும் மாதத்தையுமாவது வைத்துக்கொள்கிறேன்.

நான் எழுத வந்தது ஒரு முற்பகலைப் பற்றி. அன்று ஒரு மீனவர் எங்கள் தொழிற்சாலைக்கு வந்து மச்சானிடம் ஒரு குறையைச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். கையில் பேனாவும் இருந்தது. ஆனால் அவர் சொன்னதை நான் எழுதவில்லை. பிறகு, அவர் வரவே இல்லை, சொல்லவே இல்லை என்று முடிவானது.

மச்சானை நான் முதலில் சரியாகப் பார்த்தது என் கலியாணத்தின் மூன்றாம் நாள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போய் இருப்பான். வீடு பெண்ணுக்கு உரியது. அந்த வீட்டு முன்னறையில், கலியாணத்துக்கு வந்த புது வானொலிப் பெட்டியை அவர் கழற்றிப் பாயில் பரப்பியிருந்தார். பாகங்களைச் சிறிதிலிருந்து பெரிதுவரை வரிசையாக அடுக்கியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உள்ளுக்குப் பாருங்க மச்சான், எவ்வளவு ஒழுங்கா இரிக்கி! மறுகா ஏன் வெளியால இப்பிடி அசிங்கமாச் செஞ்சு வச்சிரிக்காங்க?" என்றார். பின்னேரத்துக்குள் அதைத் திரும்பப் பூட்டினார். அது பாடியது. ஆனால் முன்பக்கத்து வெள்ளித் தகட்டை அவர் திரும்பப் போடவில்லை. எங்கே என்று கேட்டதற்கு, "தேவையில்லாத சாமான்," என்றார்.

பிறகு அவர் வளைகுடாவுக்குப் போனார். பெரிய கடைத்தொகுதி ஒன்றில், இலத்திரனியல் பொருள்கள் திருத்தும் மேசையில் பதினொரு வருடம் வேலை. விடுமுறையில் வரும்போது மற்றவர்கள் போர்வையும் வாசனைப் போத்தலும் கொண்டுவருவார்கள். அவர் உடைந்த தொலைபேசிகளின் மேலோடுகளைப் பெட்டி நிறையக் கொண்டுவருவார். அவற்றைத் துணியால் துடைத்து, வாவிக் கரையில் வெயில் சாயும் நேரத்தில் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எந்த வளைவில் வெளிச்சம் தடக்குகிறது, எதில் வழுக்கிப் போகிறது என்று எனக்குக் காட்டுவார். நான் காணிக் கந்தோரில் எழுதுவினைஞன்; பத்திரங்களும் எல்லைக் கற்களும்தான் எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் காட்டியபோது எனக்கும் தெரிந்தது. இதை எழுதியாக வேண்டும். அவருக்கு இருந்தது பாவனை அல்ல, உண்மையான கண்.

அந்தப் பதினொரு வருடத்தில் அவர் வெறுக்கக் கற்றுக்கொண்டது திருகாணியை. "ஒரு சாமானில இஸ்குரு தெரிஞ்சா, ஆரும் அதத் தொறப்பான். தொறந்தா பழுதாக்குவான். பழுதாக்கினா என்ர மேசைக்கு வருவான்," என்பார். யாரும் திறக்கவே தேவையில்லாத ஒரு பொருளைச் செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஊர் திரும்பி, மூடிக் கிடந்த ஓர் அரிசி ஆலையை எடுத்து, சுவருக்கு வெள்ளை அடித்து, நடுவில் நீளமான வெள்ளை மேசை ஒன்றைப் போட்டார். ஊர்ப் பெண்பிள்ளைகள் முதலில் பன்னிரண்டு பேர், பிறகு நாற்பது பேர் அங்கே வேலை செய்தார்கள். பலருக்கு அதுதான் வீட்டுக்கு வெளியே முதல் வேலை.

ஓய்வு பெற்ற மாதமே என்னை அழைத்தார். "மச்சான், உங்கட எழுத்து எனக்கு வேணும். ஒரு தீர்மானப் புத்தகம் வைக்கணும். என்ன தீர்மானிச்சம், எண்டைக்கு, என்ன காரணம். அவ்வளவுதான். கதை வேணாம்."

எனக்கு அது பிடித்திருந்தது. சிவப்பு மட்டை போட்ட பெரிய கொப்பி ஒன்றில் கோடு அடித்து எழுதத் தொடங்கினேன். வீட்டில் எனது சொந்த நாட்குறிப்பு தனியே இருந்தது. அதில் மழை, வாவியின் நீர்மட்டம், ஊரில் மௌத்து, அடக்கம், வெள்ளம் வடிய வாவியைக் கடலோடு சேர்த்து முகத்துவாரம் வெட்டிய நாள், படித்த புத்தகம் எல்லாம் வரும். தொழிற்சாலைப் புத்தகத்தில் தீர்மானம் மட்டும்தான். என்னுடைய பிழை இந்தப் பிரிப்பில் தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

முதல் பொருள் ஒரு மீள்மின்னேற்று விளக்கு. வாவியில் இறால் பிடிப்பவர்களை நினைத்துத்தான் அதைச் செய்தார். ஆற்றுக் கல்லைப் போல வழவழப்பானது, கைக்குள் அடங்கும், சாம்பல் கலந்த வெள்ளை நிறம். அந்த நிறத்துக்காக ஏழு மாதிரிகளைக் கல்லடிப் பாலத்துக்கு எடுத்துப்போய், தண்ணீர்ப் பின்னணியில் பிடித்துப் பார்த்து, ஆறை எறிந்தார். திருகாணி கிடையாது, இரண்டு ஓடுகளும் சூட்டால் ஒட்டப்பட்டவை. தண்ணீர் புகாது. முதல் வரைபடத்தில் மேலே ஒரு கம்பிப் பிடி இருந்தது. அதை அவர் ஒரு செவ்வாய்க்கிழமை நீக்கினார். என் புத்தகத்தில் இருக்கிறது: 'கைபிடி நீக்கம். காரணம்: உருவத்தைக் கெடுக்கிறது.' பிடிக்குப் பதிலாக விளிம்பில் விரல் வைக்க ஒரு மெல்லிய வளைவைச் செதுக்கினார். அந்த வளைவுக்கு மூன்று மாதம் எடுத்தது. அச்சில் வந்த முதல் விளக்கை என் கையில் வைத்தபோது அவருடைய கண் கலங்கியிருந்தது.

விளக்கு நன்றாக விற்றது. காத்தான்குடிக் கடைகளில் கண்ணாடிக்குள் வைத்தார்கள். வாழைச்சேனை, கல்குடா வரைக்கும் போனது. வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள் வந்து வெள்ளை மேசையைப் படம் எடுத்தார்கள். மச்சான் எப்போதும் ஒரே மாதிரியான சாம்பல் நிறச் சேர்ட்டுத்தான் போடுவார். அதையும் படம் எடுத்தார்கள்.

அந்த மீனவர் வந்தது இந்தக் காலத்தில்தான். மார்கழி மாதம், முற்பகல். படுவான்கரையிலிருந்து, வாவியைக் கடக்க நாங்கள் 'பாதை' என்று சொல்லும் மிதவையில் வந்து, பிறகு பஸ் எடுத்து வந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். விளக்கை ஒரு கடைப் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பழுது என்று நினைத்து நான் அவரை மேசைக்குக் கூட்டிப்போனேன். மச்சான் எழுந்து நின்று வரவேற்றார். அவரிடம் அந்த மரியாதை எப்போதும் உண்டு.

"வெளக்கு நல்ல வெளக்கு தம்பி," என்றார் மீனவர். "கொற சொல்ல வரல்ல. இதக் கட்ட ஒரு இடமில்ல."

"ஏண்ணன் கட்டணும்?"

"தோணியில ஏறுற சாமான் எல்லாத்தையும் கட்டித்தான் வைப்பம். கத்தி, தண்ணி எறைக்கிற தகரம், வெத்திலப் பெட்டி, எல்லாம். சேத்துக்க விழுந்தா மறுகா எடுக்க ஏலா. போன வருஷம் என்ர மச்சான்ர மூக்குக்கண்ணாடி போயிட்டு. அவன் இப்ப மீன மணந்து பாத்துத்தான் புடிக்கிறான்."

மேசையில் இருந்த பெண்பிள்ளைகள் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். விளக்கை எடுத்து மீனவரின் உள்ளங்கையில் வைத்து, அவருடைய விரல்களை அந்த வளைவின்மேல் மெல்ல மடக்கினார்.

"பாருங்கண்ணன். கையோட கையா இரிக்கிதில்லையா? இதில ஒரு கம்பி வளையத்தப் போட்டா வாளி மாதிரி ஆயிடும்."

"வாளி நல்ல சாமான் தம்பி. வாளிய ஆரும் தண்ணிக்க துலைக்கிறல்ல."

பெண்பிள்ளைகள் மறுபடி சிரித்தார்கள். இந்த முறை மச்சான் சிரிக்கவில்லை.

மீனவர் விளக்கைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப நான் இந்த ஓரத்தில ஒரு ஓட்ட போட்டு, தங்கூசி நூலக் கோத்துத்தான் கட்டணும். போடலாமா?"

மச்சான் அந்த வளைவையே பார்த்தார். பிறகு, "உங்கட வெளக்கு. உங்கட விருப்பம்," என்றார்.

அவ்வளவுதான். ஓட்டை போட்டால் உள்ளே உவர்த்தண்ணீர் போகும், பற்றரி கெடும், கெட்ட பற்றரியை மின்னேற்றினால் வெடிக்கும் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அது தெரியாது. அவருக்குத் தெரியும், பதினொரு வருடம் வீங்கிய பற்றரிகளைக் கையில் எடுத்தவர் அவர். வேண்டுமென்று மறைத்தார் என்று நான் நினைக்கவில்லை. அந்த வளைவில் ஒருவர் ஓட்டை போடுவதாகச் சொன்னது அவரைச் சுட்டுவிட்டது. சுட்ட இடத்தைப் பற்றி மேலும் பேச அவர் விரும்பவில்லை.

தேநீர் வந்தது. பாதை போய்விடும் என்று மீனவர் எழுந்து போனார். நான் புத்தகத்தைத் திறந்தேன். தீர்மானம் எதுவும் இல்லை. அன்றைய பக்கத்தின் கீழே, வழக்கப்படி, 'வெளியாள் ஒருவர். தேநீர்.' என்று மட்டும் எழுதினேன்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் செய்தி வந்தது. அன்று காலை அந்த மீனவர் மீன்பிடித் தொழிலால் திரும்பி வந்து, விளக்கை யன்னல் விளிம்பில் மின்னேற்ற வைத்திருக்கிறார். அதிலிருந்து புகை வந்தது. கிடுகு வேய்ந்த வீடு. தீப்பிடித்துவிடும் என்று விளக்கை வலது கையால் பிடுங்கி முற்றத்துக்கு எறியப் போனார். எறிவதற்கு முன்னால் அது கைக்குள்ளேயே வெடித்தது. மூன்று விரல்கள் போயின. பெருவிரலும் சுட்டுவிரலும் மிஞ்சின. வீச்சுவலை வீசும் கை அது.

மச்சான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. என்னை அனுப்பினார். நான் திரும்பி வந்தபோது, படுவான்கரையில் வேறொருவரிடமிருந்து வரவழைத்த இன்னொரு விளக்கை அவர் வெள்ளை மேசையில் வைத்து அறுத்துக்கொண்டிருந்தார். அதிலும் ஓட்டை இருந்தது. உள்ளே பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. "ஓட்டையாலதான்," என்றார். அப்போது அவருடைய முகத்தில் நான் கண்டது துக்கம் இல்லை, ஆறுதல். நான் அதைக் காணாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த கிழமை நானாகவே வாவிக்கரையில் நடந்து, எங்கள் விளக்குகளைப் பார்த்தேன். மூன்று சிற்றூர்களில் இருபத்து மூன்று விளக்குகள். பத்தொன்பதில் ஓட்டை இருந்தது. எல்லாம் ஒரே இடத்தில், மச்சான் மூன்று மாதம் செதுக்கிய அந்த வளைவின் மெல்லிய ஓரத்தில். அடுப்பில் காய்ச்சிய சைக்கிள் கம்பிக்கு அந்த இடம்தான் இலேசாக இளகும். ஒருவர் மற்றவரைக் கேட்டுச் செய்யவில்லை. ஒவ்வொருவரும் தாமாகவே அந்த இடத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஓட்டையைப் பிசினால் அடைத்துவிட்டோம், தண்ணீர் போகாது என்று நம்பியிருந்தார்கள். அந்தப் பத்தொன்பது விளக்குகளையும் அன்றே வாங்கிக்கொண்டு வந்தேன். அவற்றில் ஒன்று இப்போது என் மேசையில் இருக்கிறது.

நான் கணக்கை மச்சானிடம் சொன்னேன். பிறகு வந்த விளக்குகளின் அடியில் 'துளைக்க வேண்டாம்' என்று அச்சிட்டார். வெளிர் சாம்பல் ஓட்டில், அதைவிடச் சற்றே கடுமையான சாம்பல் எழுத்து. எனக்குக் கண்ணாடி போட்டால்தான் தெரிந்தது.

மீனவர் முறைப்பாடு செய்தார். நட்டஈட்டைவிட அவர் வற்புறுத்தியது ஒரு விஷயத்தைத்தான்: நான் போய்ச் சொன்னேன், ஓட்டை போடலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. விசாரணைக்கு முதல்நாள் மச்சான் எங்கள் வீட்டுக்கு, அதாவது அவருடைய அக்காவின் வீட்டுக்கு, வந்தார்.

"மச்சான், பொய் சொல்லச் சொல்லிக் கேக்க மாட்டன். புத்தகத்தில உள்ளதச் சொல்லுங்க. இல்லாததச் சொல்ல வேணாம்."

"நான் அண்டைக்கு அங்கதானே இருந்தன்."

"நாப்பது புள்ளைகள் இரிக்கிதுகள்," என்றார். என் மனைவி தேநீரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

விசாரணை ஓர் அரச கந்தோரின் மேல்மாடியில், வியாழக்கிழமை நடந்தது. அதிகாரி பொறுமையானவர். மீனவரின் கையில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது.

"நீங்க கம்பனிக்குப் போன திகதி என்ன?"

"ஆத்துவாய் வெட்டி மூணாம் நாள், ஐயா."

"அது திகதி இல்ல. மாசம், நாள் சொல்லுங்க."

"வெள்ளம் வந்து, வயல் தாளுது எண்டு முகத்துவாரத்த வெட்டினாங்கதானே. அதுக்கு மூணாம் நாள். அண்டைக்குத் தண்ணி வடிஞ்சு இறாலும் போயிட்டு. தொழில் இல்ல. அதாலதான் அங்க போனன்."

மாவட்டத்தில் எல்லோரும் நாள் கணக்கு வைப்பது இப்படித்தான். அதிகாரி வெளி மாவட்டத்தவர். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். புத்தகத்தைப் பார்த்தார், கோடுகளையும் எழுத்தையும் பார்த்து மெச்சினார். "மார்கழியில் இப்படி ஒரு முறைப்பாடு வந்ததாக இந்தப் புத்தகத்தில் பதிவு இருக்கா?"

"இல்லை," என்றேன்.

அது உண்மை. என் வீட்டு நாட்குறிப்பில் முகத்துவாரம் வெட்டிய நாள் இருந்தது, வெட்டத் தொடங்கிய நேரத்தோடு. அதிலிருந்து மூன்று நாள் எண்ணினால் இந்தச் சிவப்புப் புத்தகத்தில் எந்தப் பக்கம் வரும் என்றும் எனக்குத் தெரியும். அதிகாரி அதைக் கேட்கவில்லை. மீனவர் என்னைப் பார்த்தார்; எங்களில் மூத்தவரை அழைக்கும் சொல்லால் அழைத்தார். "காக்கா, நீங்க அண்டைக்கு அந்த மேசையில இருந்தீங்கதானே?" அதிகாரி அவரை அமைதியாக இருக்கச் சொன்னார். நான் புத்தகத்தின் மட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் ஒரு மூலையில் நூல் பிரிந்திருந்தது.

பாவனையாளர் பொருளை மாற்றியமைத்ததால் நிறுவனம் பொறுப்பல்ல என்று முடிவு வந்தது. முறைப்பாட்டாளர் நிறுவனத்துக்குச் சென்றதற்கு ஆதாரம் இல்லை என்றும் அதில் ஒரு வரி இருந்தது.

முடிவு வந்த மறுநாள், வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு முன்னால் மச்சான் என்னைப் புத்தகத்தோடு அழைத்தார். மேசையில் இரண்டாவது விளக்கின் வரைபடம் இருந்தது. அதே உருவம், ஆனால் அந்த வளைவின் மெல்லிய ஓரத்தில், பத்தொன்பது ஓட்டைகள் இருந்த அதே இடத்தில், சின்ன உலோக வளையம்.

"எழுதுங்க மச்சான். வளையம் சேர்த்தல்."

எழுதினேன். "காரணம்?"

"அழகு," என்றார்.

அதையும் எழுதினேன்.

அந்த வளையம் அவரை எங்கேயோ கொண்டுபோனது. கொழும்பில் வடிவமைப்புக்காகப் பரிசு கொடுத்தார்கள். நாங்கள் வீட்டில் தொலைபேசியில் பார்த்தோம். சாம்பல் நிறச் சேர்ட்டில் மேடையில் நின்று, வாவியின் மக்களிடமிருந்துதான் தன் வடிவங்களைக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். கைதட்டினார்கள். என் மனைவி தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"அந்த மனிசன் வந்தது உண்மையா?" என்று கேட்டாள். அதுவரை அவள் கேட்டதில்லை.

"ஓம்."

"அப்ப இவ்வளவு நாளும் நீங்க இந்தக் கொப்பியள என்னத்துக்கு எழுதினீங்க?"

அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள். தம்பி விழ வேண்டும் என்று நினைக்கும் அக்கா அல்ல அவள். அவள் கேட்டது என்னை மட்டும்தான். இரண்டு கொப்பிகளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணினேன். எண்ணாமலே தெரிந்ததுதான். முகத்துவாரம் வெட்டியது திங்கள். வெட்டிய நாளையும் சேர்த்து எண்ணுவதுதான் வழக்கம். மூன்றாம் நாள் புதன். புதன் பக்கத்தின் கீழே: 'வெளியாள் ஒருவர். தேநீர்.' அந்த மார்கழி முழுவதிலும் வேறு வெளியாள் வரவில்லை.

இரண்டு பக்கங்களையும் படி எடுத்து, அன்று பேசியதெல்லாம் நினைவில் உள்ளபடி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டேன். சனிக்கிழமை காலை பாதை ஏறிப் படுவான்கரைக்குப் போனேன்.

மீனவரின் மனைவி வேலியோரம் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "முதலாளிர ஆள் வந்திருக்கார். மத்தக் கையையும் கேக்க வந்தாரோ தெரியா."

மீனவர் வெளியே வந்தார். கை ஆறியிருந்தது. வலைக்குப் பதிலாக இப்போது மற்றவர்களின் தோணியில் சவள், அதாவது துடுப்பு, வலிக்கிறாராம், அதுவும் இடது பக்கம் மட்டும். கதிரையை எனக்குப் போட்டுவிட்டு அவர் மணலில் குந்தினார்.

"மீன்புடிச் சங்கக் கூட்டத்தில வாயத் தொறந்தா, 'திகதி என்ன?' எண்டு கேக்கிறாங்கள் காக்கா," என்றார். "சின்னப் பொடியனும் கேக்கிறான். நான் மழ வரும் எண்டாலும் 'எந்தத் திகதி?' எண்டுறாங்கள்."

"இப்ப திகதி இருக்கு," என்றேன். தாளை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "வாசியுங்க."

நான் வாசித்தேன். கண்ணாடிக் கதையையும் வாளிக் கதையையும் வாசித்தபோது அவருடைய வாய் லேசாக அசைந்தது. 'உங்கட வெளக்கு, உங்கட விருப்பம்' என்ற இடத்தில் அவருடைய மனைவி வேலியை விட்டு உள்ளே வந்து நின்றார். முடித்தேன்.

"எல்லாம் சரி," என்றார். "ஒண்டு மட்டும் பிழை. தேத்தண்ணி எண்டு எழுதியிருக்கீங்க. நான் குடிக்கல்ல. பாத போயிரும் எண்டு வந்திட்டன்."

"கொண்டுவந்து வைத்தார்கள் என்ற கருத்தில்தான்..."

"குடிக்கல்ல காக்கா."

அந்தச் சொல்லைத் தாளில் வெட்டி, பக்கத்தில் 'அருந்தவில்லை' என்று எழுதி, சுருக்கொப்பம் இட்டேன். அவர் மிஞ்சியிருந்த வலது பெருவிரலை மையில் தொட்டு அடியில் பதித்தார். இடது கையால் பதிக்கலாம் என்றேன். "இல்ல, இதாலதான்," என்றார்.

திங்கட்கிழமை காலை கந்தோரில் கொடுத்தேன். அதே அதிகாரி. இரண்டு முறை வாசித்தார். இதை ஏன் அன்று சொல்லவில்லை என்று கேட்டார். 'நீங்கள் கேட்கவில்லை' என்று சொல்லலாம் என நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். கோப்பை மறுபடி திறக்க மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்றார்.

நான் வீட்டுக்கு வந்தபோது மச்சான் முன்னறையில் இருந்தார். போகும் வழியில் நானே தொலைபேசியில் சொல்லியிருந்தேன்; ஒளித்துச் செய்ய விருப்பமில்லை. அவருக்கு முன்னால் தீர்மானப் புத்தகம் திறந்திருந்தது. அந்தப் புதன்கிழமைப் பக்கம். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நகத்தால் கடைசி வரியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"திகதிய நல்லாப் பாத்தீங்களா?"

"ஓம். புதன்."

"இதில ஒரு பிழை இரிக்கி மச்சான்," என்றார். "அந்த மனிசன் தேத்தண்ணி குடிக்கல்ல. கோப்பை அப்படியே இருந்திச்சி. புது மேசை. சுத்திவரக் கறை விழுந்திட்டு. அவர் போனதுக்குப் பொறகு நான்தான் துடைச்சன். போகல்ல. எலுமிச்சங்காய் போட்டும் துடைச்சன்."

முன்னறையில் வேறு யாரும் இல்லை. அவர் அந்த நாளை மறந்திருந்தார் என்றே நான் இவ்வளவு காலமும் என்னைச் சமாதானப்படுத்தியிருந்தேன்.

"இத நான் எழுதணும்," என்றேன்.

அவர் புத்தகத்தை மூடி, மட்டையில் பிரிந்திருந்த நூலை விரலால் உள்ளே தள்ளிச் சரிசெய்துவிட்டு எழுந்து போனார்.

அவர் சொன்னதைச் சொன்னபடியே என் நாட்குறிப்பில் எழுதினேன். திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டரை. அது நடந்து பல நாள் கழித்து, நேற்றுத்தான் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. மறுவிசாரணைக்கு மூன்று பேரையும் அழைத்திருக்கிறார்கள். அதில் திகதி போட்டிருக்கிறது. பின்னேரம் பாதை ஏறி அந்தக் கடிதத்தை மீனவருக்கு வாசித்துக் காட்டிவிட்டு வந்தேன். எந்தக் கிழமை என்று கேட்டார். புதன் என்றேன். வீட்டுக்கு வந்து தொழிற்சாலைப் பக்கம் போனேன். மச்சான் இல்லை. வெள்ளை மேசையின் ஓரத்தில் குனிந்து பார்த்தேன். கறை இன்னும் இருக்கிறது. வெளிச்சம் சாய்ந்து விழும்போது மட்டும் தெரிகிறது.